துளையில்லாமல், பசையில்லாமல்: டிராக் ஹெல்மெட்டில் இண்டர்காம் பொருத்திய அனுபவம்

டிராக்கில் கார் ஓட்டப் பழகுகிறவருக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இருக்காது. ஆனால் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்துவிட்டால் அந்த இரண்டடியைக் குரல் தாண்டாது. ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கும். பின்சீட்டும் கார்பெட்டும் கழற்றிய வண்டி என்றால் டயர் சத்தம் நேராக உள்ளே வந்துவிடும், எக்ஸாஸ்ட் சத்தம் அதற்கு மேல். போதாததற்கு இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். அதனால் பல இன்ஸ்ட்ரக்டர்கள் கையைத்தான் நம்புகிறார்கள். விரலை நீட்டினால் அந்தப் பக்கம் பார், உள்ளங்கையைக் காட்டினால் வேகத்தைக் குறை. அந்தச் சைகையைப் பார்க்க ஓட்டுகிறவரின் கண் இடப்பக்கம் போயாக வேண்டும். சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்ப்பாதை முடிந்து சி1 வளைவுக்குள் நுழையும் நேரத்தில் கண் போகக்கூடாத திசை அது.

இதற்காகத்தான் எனக்கும் எனக்குச் சொல்லித்தரும் அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட்டிலும் மைக்கும் இயர்பட்டும் பொருத்தி, காருக்குள் ஒயரில் ஓடும் ஓர் இண்டர்காம் வைத்தேன். அண்ணன் கோயம்புத்தூர்க்காரர். ராலியில் பல வருடம் நேவிகேட்டராக உட்கார்ந்தவர். அவர் உலகத்தில் இண்டர்காம் இல்லாமல் வண்டி கிளம்பவே கிளம்பாது, ஏனென்றால் முன்னால் வரும் வளைவுகளைக் குறித்துவைத்த பேஸ் நோட்ஸ் வாசிக்கிறவர் குரல் கேட்கவில்லை என்றால் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வளைவு எவ்வளவு கூர்மை என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை. சொந்த வண்டியை சர்க்யூட்டில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கு வருகிறவர்களிடம் அந்தப் பழக்கம் குறைவு. ராலிக்காரர்கள் செய்வதையே, டிராக்குக்கு ஏற்ற மாதிரி செய்திருக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஹெல்மெட்டில் எதைப் பொருத்தினாலும், கழற்றிய பிறகு அது பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். பேட்டரி உள்ள எதுவும் தலையில் இருக்கக் கூடாது. காரிலிருந்து அவசரமாக இறங்கினால் ஒயர் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கீழே வருகிற எல்லாத் தேர்வுகளுக்கும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் காரணம்.

ஹெல்மெட்டின் உள்ளே என்ன இருக்கிறது

கன்னப் பஞ்சைக் கழற்றி உள்ளே பார்த்தால் கறுப்பாக, கெட்டியாக ஒரு அடுக்கு தெரியும். டிவி பெட்டிக்குள் வருகிற அதே தெர்மாகோல் குடும்பம்தான், அடர்த்தி மட்டும் அதிகம். வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும், தெர்மாகோல் நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று அதைக் கத்தியால் குடைவது, நசுங்க வேண்டிய பொருளை நாமே முன்கூட்டி எடுத்துவிடுவதுதான். ஒயரை வெளியே எடுக்க ஓட்டில் துளை போடுகிறவர்களும் உண்டு. ஓட்டின் நார் அடுக்குகள் அந்த இடத்தில் அறுபடும், அடி விழும்போது விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

பசை இன்னொரு ஆபத்து. செருப்புத் தைக்கும் இடத்தில் பயன்படுத்தும் மஞ்சள் பசையைக் கொஞ்சம் எடுத்து ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஓரம் முதலில் பளபளக்கும், பிறகு சொட்டு அப்படியே கீழே இறங்கும், சிறிது நேரத்தில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி. பசையில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடுகிறது. உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ வகையும் இதே வேலையைச் செய்யும். ஹெல்மெட்டுக்குள் இது நடந்தால் பஞ்சுக்கு அடியில் மறைந்திருக்கும், வெளியில் தெரியவே தெரியாது. அதனால் என் வேலையில் தெர்மாகோலைத் தொடும் பசை எதுவும் இல்லை.

நான் வைத்திருப்பது, ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ2020 முத்திரை உள்ள, தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். எஸ்ஏ என்பது கார் பந்தயத்துக்கானது, எம் என்பது பைக்குக்கானது. எஸ்ஏ வகையில் உள்துணி உட்பட தீயைத் தாங்குகிறதா என்று சோதிப்பார்கள், கார் உருண்டால் நசுங்காமலிருக்க உள்ளே போடும் ரோல் கேஜ் கம்பியில் தலை மோதுவதற்கென்று தனி அடிச் சோதனையும் உண்டு. கழுத்தைக் காக்க ஹெல்மெட்டைத் தோளோடு பிடித்து நிறுத்தும் ஹான்ஸ் கருவியை மாட்டுவதற்கான எம்6 திருகு இடமும் அதில் கட்டாயம். அண்ணனுடையது ராலிக்காரர்கள் விரும்பும், முகப்பக்கம் திறந்த ஓப்பன் ஃபேஸ். டிராக் டேக்கு ஐஎஸ்ஐ முத்திரை பதித்த பைக் ஹெல்மெட்டோடு வருகிறவர்கள் நிறைய. அதில் பொருத்துவதற்கும் இதே முறைதான், ஆனால் உள்துணி தீயைத் தாங்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பிற்சேர்க்கை எல் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஓட்டுநரின் உடை, ஹெல்மெட் பற்றியெல்லாம் பேசுவது. தயாரித்தவர் ஒப்புக்கொண்ட முறையில் தவிர ஹெல்மெட்டில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. அதோடு, சர்க்யூட் போட்டிகளில் ஹெல்மெட்டோடு சேர்த்து அங்கீகாரம் பெறாத ஸ்பீக்கரை உள்ளே பொருத்தவும் தடை. காதுக்குள் வைக்கும் இயர்பட் வகைக்கு அனுமதி உண்டு. டிராக் டேயில் யாரும் இவ்வளவு கறாராகப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த விதி இருப்பதற்கான காரணம் டிராக் டேக்கும் பொருந்தும்: காதுக்கும் ஓட்டுக்கும் நடுவே கெட்டியான ஒரு வட்டம் இருந்தால், பக்கவாட்டில் அடி விழும்போது அது மண்டையில்தான் அழுந்தும்.

பைக் புளூடூத் ஏன் எடுக்கவில்லை

கார்டோ, சேனா வகை இண்டர்காம்கள் சாலைப் பயணத்துக்கு அருமையானவை. இரண்டு ஹெல்மெட்டில் மாட்டி, ஜோடி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. டிராக் டேயில் இதை மாட்டி வருகிற கார்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒத்துவராத இடங்கள் இவை. லித்தியம் பேட்டரி தாடை ஓரமாகத் தொங்குகிறது. தீயைத் தாங்கும் ஹெல்மெட் வாங்கி, அதன் விளிம்பிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஒன்றை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பிடிமானத் தகடு ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே செருகுவது, எஸ்ஏ ஹெல்மெட்டுகளின் விளிம்பு ரப்பர் அதற்காக வடிவமைத்ததில்லை. 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கருக்குக் காதுப் பக்கம் குழி வேண்டும், எல்லா கார் ஹெல்மெட்டிலும் அது இருப்பதில்லை. கடைசியாக, அதன் மைக் சாலைக் காற்றுக்காகச் செய்தது. காருக்குள் நாலா பக்கமிருந்தும் வரும் இரைச்சலுக்கு அது திணறுகிறது.

ஒயர் பழைய சங்கதி போலத் தோன்றலாம். பேட்டரியும் சர்க்யூட் போர்டும் காரில் இருக்கும், ஹெல்மெட்டில் இருப்பது ஒரு மைக், இரண்டு சின்ன இயர்பட், ஒரு பிளக். சார்ஜ் இறங்கியது, ஜோடி விட்டுப்போனது என்ற பேச்சே இல்லை.

காதுக்கு

காருக்குள் இரைச்சல் நூறு டெசிபலை ஒட்டி இருந்தது, போன் ஆப்பில் பார்த்த கணக்கு, துல்லியம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு டிராக் செஷன். வெறும் ஸ்பீக்கர் பொருத்தினால் இந்த இரைச்சலை மீறிப் பேச்சு கேட்க வேண்டும் என்று ஒலியை இன்னும் ஏற்றுவோம், காது இரட்டிப்பாக வாங்கும். காதை நன்றாக அடைக்கிற இயர்பட் என்றால் இரைச்சல் உள்ளே வராது, பேச்சைச் சின்ன ஒலியிலேயே கேட்கலாம். விதி ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒரு காரணத்துக்காகவே இயர்பட்தான் என்று முடிவு செய்தேன்.

சிலிக்கான் நுனியைக் கழற்றிவிட்டு, அழுத்திச் சுருட்டினால் காதுக்குள் விரியும் ஃபோம் நுனி போட்டேன். சிலிக்கான் சென்னை வியர்வையில் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. ஃபோம் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நிற்கும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு காதில் மட்டும் கேட்கும் கோளாறு வந்தது. தேடினால் காரணம் 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்தான். பந்தயத்துக்கான ஹெல்மெட் கிட்களில் பலவற்றில் அந்த சாக்கெட் மோனோ. போனுக்கு வாங்கும் இயர்பட் பிளக் ஸ்டீரியோ, அதில் மூன்று வளையப் பகுதி இருக்கும். மோனோ சாக்கெட்டில் செருகினால் வலது காதுக்கான நடு வளையம் எர்த்தோடு சேர்ந்துவிடும், இடது காது மட்டும் பேசும். கிட்டுக்கேற்ற மோனோ இயர்பட் வாங்கலாம், இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன இணைப்பு செய்து இரண்டு காதையும் ஒரே முனையில் சேர்க்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், அப்போதுதான் அவசரத்துக்கு எந்தக் கடை இயர்பட்டையும் செருக முடியும். இரண்டு காதும் இணையாகச் சேரும்போது மின்தடை பாதியாகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 32 ஓம் இயர்பட் இண்டர்காமுக்கு 16 ஓமாகத் தெரியும். என் பெட்டி அதைத் தாங்கியது.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் இயர்பட், அதன்மேல் காதுக்குப் பின்னால் மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு, அதற்கு மேல் தீத்தாங்கும் துணித் தலையுறையான பலக்லாவா, கடைசியில் ஹெல்மெட். டேப் இல்லாமல் போட்டால் ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு இறங்கும்போது இயர்பட்டையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. ஹெல்மெட்டின் இரண்டு நாடாவையும் நன்றாக வெளிப்புறம் விரித்துப் பிடித்து இறக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மைக்

இந்த வேலையின் வெற்றி தோல்வி மைக்கில்தான். இரைச்சல் நீக்கும் மைக் என்று சொல்வதன் உள்ளே மாயம் எதுவும் இல்லை. மைக்கின் முன்னாலும் பின்னாலும் ஓட்டை இருக்கும். தூரத்திலிருந்து வரும் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் போய் நடுவிலிருக்கும் சவ்வை இரு புறமும் தள்ளும், சவ்வு அசையாது. உதட்டை ஒட்டிப் பேசும் குரல் முன்பக்கம் மட்டும் பலமாக விழும், சவ்வு அசையும். அப்படியென்றால் இரண்டு விஷயம் தானாகப் புரியும். மைக் உதட்டிலிருந்து விரற்கடை தள்ளிப் போனாலே நம் குரலும் தூரச் சத்தம் ஆகிவிடும். மைக் திரும்பியிருந்தால் பின்பக்கம் பேசியதாகிவிடும். பின்பக்க ஓட்டையை டேப் வைத்து மூடினால் அது சாதாரண மைக்தான், எல்லா இரைச்சலையும் வாங்கும்.

"தம்பி, மைக்கு உதட்டுல முட்டோணும். கூச்சமா இருந்தாத்தான் அது சரியான எடம்" என்றார் அண்ணன். அவருடைய ஓப்பன் ஃபேஸில் இது எளிது. வளையும் கம்பியில் மைக் நிற்கிறது, கையால் வளைத்து வாயோடு சேர்த்துக்கொள்ளலாம். ஃபுல் ஃபேஸில் தாடைக் கம்பிக்கு உள்பக்கம்தான் இடம், அது ஆளுக்கு ஆள் தூரம் மாறும். என் முகத்துக்கும் தாடைக் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மைக்குக்கு அதிகம். அதனால் மைக்குப் பின்னால் மென்மையான ஃபோம் துண்டு வைத்து முன்னே தள்ளினேன். கெட்டியான பிளாஸ்டிக் வைக்கலாம் என்ற யோசனை வந்தது, முகத்துக்கு நேரே கெட்டியான பொருள் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிடிமானம் வெல்க்ரோ. அதன் ஒட்டும் பக்கத்தைத் தாடைக் கம்பியின் பிளாஸ்டிக் மூடியில் மட்டும் வைத்தேன். அது கழற்றி மாற்றக்கூடிய பாகம், தெர்மாகோலோ ஓடோ இல்லை. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் ஹெல்மெட்டை வைத்தால் இந்த ஒட்டு இளகி நழுவும். ஒட்டும் முன் மேற்பரப்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டிய பிறகு ஓர் இரவு அழுத்தி வைத்தால் பிடி நிற்கிறது. ஹெல்மெட்டை நிழலில் வைப்பது அதைவிட நல்லது.

பேசும் பக்கத்தை அடையாளம் காண வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. மைக்கில்தான், ஹெல்மெட்டில் இல்லை. தாடைக்குள் கண் எட்டாது, விரலால் தடவிப் பார்க்கும்போது புள்ளியின் மேடு தட்டுப்படும்.

ஒயரும் பிளக்கும்

வாங்கிய மைக், பிளக் செட்டோடு ஒயரிங் படம் வரவில்லை. ஹெல்மெட் பிளக் உலகம் ஒரே மாதிரி இல்லை என்பதால் படம் இல்லாமல் செருகுவது சூதாட்டம். ஐஎம்எஸ்ஏ வகை நான்கு முனைப் பிளக், நாஸ்கார் வகை, ராலியில் புழங்கும் ஸ்டிலோ, பெல்டர் வகைகள், எல்லாம் தனித்தனி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பிளக்கிலும் உள்ளே முனைகள் இடம் மாறியிருக்கும். மைக் வகையும் மாறும். டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம், எலெக்ட்ரெட் மைக்குக்கு இண்டர்காம் சின்ன மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும். ஒன்றுக்கான பெட்டியில் மற்றொன்றைச் செருகினால் குரல் எங்கோ கிணற்றடியில் பேசுவதுபோல வரும், இல்லையென்றால் வரவே வராது.

மல்டிமீட்டர் இருந்தால் படம் தேவையில்லை. ஓம் அளவில் வைத்து, பிளக்கின் முனைகளில் இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இயர்பட்டுக்கான இரண்டு முனையில் தொட்டதும் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம் சவ்வை அசைப்பதால் வருவது. அளவு 16 ஓமோ 32 ஓமோ அதை ஒட்டி நிற்கும். டைனமிக் மைக்கும் காதோடு வைத்துக் கேட்டால் மெல்ல 'டிக்' என்னும், ஏனென்றால் அதுவும் உள்ளுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான். எலெக்ட்ரெட் என்றால் சத்தம் வராது, அளவு ஆயிரம் ஓமுக்கு மேல் நிற்கும், மீட்டர் கம்பிகளை மாற்றித் தொட்டால் அளவும் மாறும். முனைகளைத் தாளில் குறித்துக்கொண்டு இண்டர்காமின் சாக்கெட்டோடு ஒப்பிட்டேன். என்னுடையதில் மைக் முனையும் காது முனையும் இடம் மாறியிருந்தன. பிளக்கைத் திறந்து மாற்றிச் சால்டர் செய்ததில் சரியானது.

சால்டரிங்கில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இயர்பட் ஒயருக்குள் இருப்பது தலைமுடி போன்ற செம்பு இழைகள், ஒவ்வொன்றின் மேலும் வார்னிஷ் பூச்சு, நடுவில் பலத்துக்கு நைலான் நூல். சிவப்பும் பச்சையுமாக மின்னுவது அந்தப் பூச்சுதான். அதன்மேல் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். கத்தியால் சுரண்டினால் இழையே அறுந்துவிடும். சால்டரிங் அயர்னை 400 டிகிரி பக்கம் ஏற்றி, நுனியில் ஒரு பெரிய ஈயச் சொட்டை நிறுத்தி, அதற்குள் ஒயர் நுனியை ஃப்ளக்ஸ் தடவி முக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் புகை வரும், நூல் கருகும், பூச்சு எரியும். திடீரென்று ஈயம் இழைக்குள் ஏறி வெள்ளிபோலப் பளபளக்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள்.

ஹெல்மெட்டுக்கு வெளியே வரும் துண்டுக்கு மட்டும் சிலிக்கான் உறை போட்ட ஒயரை எடுத்தேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சாதாரண பிவிசி உறை சூட்டில் உருகிச் சொட்டும். சிலிக்கான் வளையவும் நன்றாக வளையும், தலையைத் திருப்பும்போது கழுத்தை இழுக்காது. ஒவ்வோர் இணைப்பிலும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பிளக் வாயில் இழுவிசையைத் தாங்க இன்னொரு நீளமான ஸ்லீவ்.

ஹெல்மெட்டுக்குள் ஒயர் கன்னப் பஞ்சுக்குப் பின்னால், தெர்மாகோலுக்கும் பஞ்சுக்கும் நடுவே இயல்பாக இருக்கும் சந்தில் போகிறது. பஞ்சோடு சேர்த்துத் தைக்கவோ கட்டவோ கூடாது. விபத்தில் மீட்க வருகிறவர்கள் கழுத்தை அசைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்ற முதலில் கன்னப் பஞ்சைத்தான் உருவுவார்கள், சில ஹெல்மெட்டுகளில் அதற்கென்றே சிவப்பு நாடா இருக்கும். ஒயர் அதைத் தடுத்தால் இத்தனை கவனமும் வீண். பொருத்தி முடித்த பிறகு பஞ்சை உருவிப் பார்த்தேன், ஒயர் அப்படியே இருக்க பஞ்சு மட்டும் கையோடு வந்தது.

காருக்குள்

நம் ஊர் காரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம். அப்படியென்றால் என் ஹெல்மெட்டிலிருந்து ஒயர் இடப்பக்கமாகவும், அண்ணன் ஹெல்மெட்டிலிருந்து வலப்பக்கமாகவும் வர வேண்டும். அப்போதுதான் இரண்டும் நடுவில் சேரும், கதவுப் பக்கம் எதுவும் தொங்காது. வெளிநாட்டுக்காகச் செய்த கிட் வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்.

இண்டர்காம் பெட்டியை இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஹேண்ட்பிரேக்குக்குப் பின்னால் திருகி வைத்தேன். கார்பக்கச் சாக்கெட் இரண்டும் ரோல் கேஜ் கம்பியில், தோளுக்குப் பின்னால், ஆடாமல் நிற்கிறது. சாக்கெட் உறுதியாக நின்றால்தான் பிளக் சுலபமாக உருவும். சாக்கெட்டும் ஒயரில் தொங்கினால் இழுக்க இழுக்கக் கூடவே வரும். சாக்கெட்டின் வாய் கதவைப் பார்க்க வைத்ததால் இறங்குகிறவர் போகும் திசையும் பிளக் கழலும் திசையும் ஒன்று. சுருள் ஒயரை ஹான்ஸின் பட்டைக்கு மேலேதான் விட வேண்டும், அடியில் போனால் மாட்டிக்கொள்ளும்.

பெல்ட், ஹான்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டை மட்டும் அவிழ்த்துவிட்டுப் பிளக்கைத் தொடாமலே இறங்கிப் பார்த்தோம். என் பக்கம் சரியாக உருவியது. அண்ணன் பக்கம் சுருள் ஒயர் நீண்டுகொண்டே போனது, கழலவில்லை. சுருளின் நீளத்தைக் குறைத்ததும் அதுவும் சரியாகிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டிராக்குக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தீ வந்தால் பிளக் ஞாபகம் யாருக்கும் வராது.

மின்சாரத்தை முதலில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்தபோது காதில் ஒரு ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறியது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் ஊளை, வேறு எங்கும் தேட வேண்டாம். இண்டர்காமை 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றினேன், ஊளை நின்றது. அப்புறம் இண்டர்காம் பேச்சை வீடியோவில் பதிய ஆக்‌ஷன் கேமராவை இணைத்தால் திரும்பவும் அதே ஊளை. கேமரா கார் சாக்கெட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. ஆடியோ ஒயரின் எர்த் வழியாகக் காரின் எர்த் பின்வாசலாக உள்ளே வந்துவிட்டது. கேமராவையும் பவர் பேங்க்குக்கு மாற்றியதும் சுத்தம். கேமராவைக் காரிலேயே சார்ஜ் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்.

என்ன பேசுவது

என் இண்டர்காமில் குரல் வந்தால் மட்டும் மைக் திறக்கும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டேன். அது திறப்பதற்குள் முதல் அசை போய்விடும், அவசரத்தில் ஒரே சொல்தான் சொல்வோம், அதன் தலையே வெட்டுப்பட்டால் என்ன பயன்? மைக் எப்போதும் திறந்திருக்கட்டும், உதட்டோடு ஒட்டியிருந்தால் இரைச்சல் தாங்கக்கூடியதுதான்.

கருவி சரியானதும் தெரிந்த இன்னொன்று, நாம் சாதாரணமாகச் சொல்லும் "கேஸ் குடு", "கேஸ் விடு" இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே விழுகின்றன. அர்த்தம் நேர் எதிர். அண்ணன் அதை மாற்றிவிட்டார். மிதிக்க வேண்டும் என்றால் "போ போ", விட வேண்டும் என்றால் "லிஃப்ட்", நிறுத்த "பிரேக்". ராலியில் நோட்ஸ் சுருக்கமாகவும் ஒன்றோடொன்று குழம்பாமலும் இருக்க வேண்டும் என்று பழகியவர் என்பதால் அவருக்கு இது இயல்பாக வந்தது. வளைவுக்குள் இருக்கும்போது பாராட்டோ விளக்கமோ கூடாது, அதெல்லாம் நேர்ப்பாதையில். இப்போது சி1-க்குள் நுழையும்போது என் கண் வளைவின் உள்ளோரப் புள்ளியான அபெக்ஸில் இருக்கிறது, "இன்னும் பொறு, இன்னும் பொறு, இப்போ போ போ" என்று குரல் காதுக்குள் வருகிறது. கைச் சைகையில் இந்த "இன்னும் பொறு"வைச் சொல்லவே முடியாது.

டிராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பிட்டில் இருப்பவர்களோடு பேச வேண்டும் என்றால் அதற்கு வாக்கி-டாக்கி வேண்டும், அங்கே சட்டமும் வருகிறது. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பேச 2018 விதிகள் இடம் தருகின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இந்த எல்லைக்கு வெளியிலும் பேசும், அவற்றுக்கு உரிமம் வேண்டும். காருக்குள் மட்டும் ஒயரில் பேசுவதற்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

பராமரிப்பு என்று பார்த்தால் எதிரி வியர்வைதான். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றிப் பிழிந்து காயப்போடுகிறேன், மாற்று உறை பையில் இருக்கிறது. ஈரப் பஞ்சோடு பேசினால் குரல் போர்வைக்கு உள்ளிருந்து வருகிறது. பிளக்கின் முனைகளில் பச்சை படிந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்தால் போதும். 9 வோல்ட் பேட்டரியை நாள் முடிந்ததும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.